பாட்டு முடிந்தது என்று யார் சொல்வது? தி லா'ஸ் குழுவின் ஒரே ஆல்பம்

முதல் ஆல்பம் பதிவு செய்ய வரும் இளைஞர்கள் என்னிடம் மைக்கைப் பற்றிக் கேட்பார்கள், எந்த ப்ளக்-இன் (ஒலியை மாற்றும் கணினி மென்பொருள்) போடலாம் என்று கேட்பார்கள். "பாட்டு முடிந்துவிட்டது என்று உங்களில் யார் சொல்லப்போகிறீர்கள்?" என்று நான் கேட்டால் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொள்வார்கள். ஒலிப்பதிவுப் பொறியாளராக நான் பார்த்தவரை, பாதியில் நின்ற ஆல்பங்கள் பலவற்றுக்கும் காரணம் இந்தக் கேள்விக்குப் பதில் இல்லாமல் போனதுதான். அதனால் ஸ்டுடியோவுக்குள் வருமுன் அவர்களை உட்காரவைத்து இங்கிலாந்தின் லிவர்பூல் நகரத்து ராக் குழுவான தி லா'ஸின் கதையைச் சொல்லிவிடுவேன்.

1983-ல் தொடங்கிய குழு அது. பாடல்களை எழுதிப் பாடியவர் லீ மேவர்ஸ். பேஸ் கிட்டார் ஜான் பவர். 1987-ல் கோ! டிஸ்க்ஸ் என்ற இசை வெளியீட்டு நிறுவனம் அவர்களை ஒப்பந்தம் செய்தது. பாடல்கள் தயாராகவே இருந்தன. ஆனாலும் ஆல்பம் கடைக்கு வந்தது 1990 அக்டோபரில். இடைப்பட்ட காலத்தில் தி ஸ்மித்ஸ் குழுவோடு வேலை செய்த ஜான் போர்ட்டர், தி ஸ்டோன் ரோசஸின் முதல் ஆல்பத்தைச் செய்த ஜான் லெக்கி, தி க்யூரின் ஆரம்ப ஆல்பங்களைச் செய்த மைக் ஹெட்ஜஸ், இன்னும் பாப் ஆண்ட்ரூஸ், ஜெரமி அல்லம் என்று தயாரிப்பாளர்கள் (பணம் போடுபவர்கள் அல்ல, ஒலிப்பதிவை வழிநடத்துபவர்கள்) வந்தார்கள், போனார்கள். கிட்டார் கலைஞர்களும் டிரம்மர்களும்கூட மாறிக்கொண்டே இருந்தார்கள். வந்த தயாரிப்பாளர்கள் எல்லாருமே தேர்ந்த கைகள். மேவர்ஸின் காதுக்குத்தான் எதுவும் சரிப்படவில்லை. வீட்டில் மாதிரிக்காகப் பதிந்த டெமோவில் இருந்த உயிர் ஸ்டுடியோ டேப்பில் இல்லை என்பது அவருடைய குறை.

அந்தக் குறையை நான் பிடிவாதம் என்று தள்ளமாட்டேன். அதற்குத் தொழில்நுட்பக் காரணம் உண்டு. வீட்டில் நாலு ட்ராக் கேசட்டில் பதியும்போது எல்லாரும் ஒரே அறையில் வாசிப்பார்கள். டிரம்ஸ் சத்தம் பாடகரின் மைக்கிலும் விழும், கிட்டார் சத்தம் டிரம்ஸ் மைக்கிலும் விழும். கேசட் டேப் உரத்த ஒலியை அமுக்கி, மெல்லிய ஒலியை மேலே கொண்டுவந்து, எல்லாவற்றையும் ஒன்றாக ஒட்டிவிடும். ஸ்டுடியோவில் நாங்கள் செய்வது இதற்கு நேர் எதிர். டிரம்ஸை ஓர் அறையில் போட்டு, ஒவ்வொரு டிரம்முக்கும் பக்கத்தில் மைக் வைத்து, மற்றதையெல்லாம் பிறகு ஒவ்வொன்றாக அடுக்குகிறோம். தெளிவு வரும்; கூடி வாசித்த உணர்வு போய்விடும். அந்த உணர்வுதான் வேண்டும் என்றால் முதல் நாளிலேயே சொல்லிவிட வேண்டும். எல்லாரையும் ஒரே அறையில் நிறுத்தி, ஒலி ஒன்றுக்குள் ஒன்று கலப்பதை ஏற்றுக்கொண்டே பதியலாம். தனித்தனியாகப் பதிந்து முடித்த பிறகு, பதிந்தவற்றை ஒன்றாகக் கலக்கும் மிக்ஸிங்கில் அதைத் தேடினால் கிடைக்காது.

இன்னொரு பக்கமும் இருக்கிறது. ஒரு டெமோவை மாதக்கணக்கில் கேட்டவருக்கு அதிலுள்ள இரைச்சல், தாளம் லேசாகத் தடுமாறும் இடம், சுதி நழுவும் இடம் எல்லாமே பாட்டின் பகுதியாகிவிடும். புதிய பதிவு எவ்வளவு நன்றாக வந்தாலும் அவருக்கு ஏதோ குறைகிற மாதிரியே இருக்கும். களைத்த காதால் முடிவெடுப்பதும் இதோடு சேர்ந்துகொள்கிறது. சற்றே உரக்க ஒலிப்பதை மனிதக் காது "நல்லது" என்று எடுத்துக்கொள்ளும். ஒலி குறைந்தால் பேஸ் காணாமல் போனதாகத் தோன்றும். ஆகவே இரண்டு பதிவுகளை ஒப்பிடுகிறவர்கள் ஒலி அளவைச் சமப்படுத்திவிட்டு, ஓய்வெடுத்த காதோடு காலையில் கேளுங்கள். நள்ளிரவில் ஒரு டேக்கை (ஒருமுறை வாசித்துப் பதிந்ததை) தூக்கி எறியாதீர்கள்.

லா'ஸுக்கு வருகிறேன். கடைசியாக ஸ்டீவ் லில்லிவைட் வந்தார். யு2-வின் முதல் ஆல்பங்களைச் செய்தவர். 1989 டிசம்பரிலிருந்து 1990 பிப்ரவரி வரை லண்டன் ஈடன் ஸ்டுடியோவில் வேலை நடந்தது. அதுவும் பிடிக்காமல் குழு ஒதுங்கிக்கொள்ள, கையிலிருந்த பதிவுகளை வைத்து லில்லிவைட் ஆல்பத்தை முடித்தார், நிறுவனம் வெளியிட்டது. தன் ஆல்பம் கடையில் இருக்கும்போதே மேவர்ஸ் பேட்டிகளில் அதை வெறுத்துப் பேசினார். 1991-ல் ஜான் பவர் விலகி, பிறகு காஸ்ட் என்ற குழுவைத் தொடங்கினார். லா'ஸின் இரண்டாவது ஆல்பம் இன்றுவரை வரவில்லை.

எனக்கு மனம் கனக்கிற இடம் 'தேர் ஷீ கோஸ்' பாட்டுதான். இரண்டே முக்கால் நிமிடத்துக்குள் முடிந்துவிடும் பாட்டு. பல்லவியே திரும்பத் திரும்ப வரும், நடுவில் ஓர் இணைப்புப் பகுதி, அவ்வளவுதான். பிரிட்டிஷ் விற்பனைப் பட்டியலில் 13-ஆம் இடம் பிடித்த அந்த ஒரே ஹிட், லில்லிவைட்டின் ஸ்டுடியோ நாட்களில் பதிந்தது அல்ல. பாப் ஆண்ட்ரூஸ் தயாரித்து 1988-ல் சிங்கிளாக வெளியாகி, 59-ஆம் இடத்தோடு நின்றுபோன அதே பதிவு. லில்லிவைட் அதை ரீமிக்ஸ் மட்டும் செய்து ஆல்பத்தில் வைத்தார். இத்தனை பேர் தேடிய ஒலி இரண்டு வருடமாக அவர்கள் கையிலேயே இருந்திருக்கிறது.

பணத்தையும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் பிள்ளைகள் இதைக் கவனிப்பதே இல்லை. வழக்கமான ஒப்பந்தத்தில் ஸ்டுடியோ வாடகை, தயாரிப்பாளர் முன்பணம் எல்லாம் கலைஞர்களின் ராயல்டி கணக்கில்தான் ஏறும். அந்தத் தொகை கழியும்வரை கையில் காசு வராது. ஒவ்வொரு மறுபதிவும் அந்தக் கணக்கில் சேரும் கடன். மாஸ்டர், அதாவது மூலப் பதிவு, நிறுவனத்தின் சொத்து என்று எழுதியிருந்தால், குழு எழுந்து போனாலும் ஆல்பம் வெளிவரலாம். கையெழுத்துப் போடுமுன் மூன்று விஷயங்களைத் தேடிப் படியுங்கள்: இறுதி மிக்ஸுக்குச் சம்மதம் சொல்லும் உரிமை யாருக்கு, எந்தத் தேதிக்குள் ஒப்படைக்க வேண்டும், தேதி தாண்டினால் யார் முடிப்பார்கள். குழுவுக்குள்ளும் ஒருவரையோ, அல்லது பெரும்பான்மை வாக்கையோ முடிவு சொல்ல நியமித்து எழுதி வையுங்கள். நட்பு கெடும் என்று தயங்க வேண்டாம். எழுதாமல் விட்டுத்தான் நட்பு கெடுவதை நான் பார்க்கிறேன்.

மைக் ஹெட்ஜஸ் செய்த பதிவுகள் 2008-ல் வந்த அந்த ஆல்பத்தின் விரிவுபடுத்திய பதிப்பில் வெளியாகியிருக்கின்றன. என் காதுக்கு அவை அப்போதே வெளியிடத் தகுந்தவையாகத்தான் படுகின்றன. உங்கள் குழுவோடு உட்கார்ந்து, 1990 ஆல்பத்தையும் ஹெட்ஜஸின் பதிவுகளையும் ஒரே ஒலி அளவில் மாற்றி மாற்றிக் கேளுங்கள். எது வேண்டும் என்று ஒவ்வொருவரும் தனித்தனித் தாளில் எழுதுங்கள். பதில்கள் எவ்வளவு வேறுபடுகின்றன என்று பார்த்த பிறகு ஸ்டுடியோ தேதியைக் குறிக்கலாம்.