அமெதிஸ்ட் – செவ்வந்திக்கல்

நகைக்கடையில் அமெதிஸ்ட் என்று சொல்லி விற்கும் ஊதா நிறக் கல்லுக்குத் தமிழில் செவ்வந்திக்கல் என்று பெயர்.

அமெதிஸ்ட் கிரேக்கச் சொல். 'அ' என்றால் இல்லை. 'மெதி' என்றால் மது. போதை ஏறாதது என்பது பொருள். வடமொழி வழியாக நம்மிடம் வந்த 'மது'வும் இந்த 'மெதி'யும் ஒரே வேரில் கிளைத்தவை. அதனால் நமக்கு இந்தப் பெயர் அவ்வளவு அந்நியம் இல்லை.

இந்தக் கல்லை அணிந்தால் எவ்வளவு குடித்தாலும் போதை ஏறாது என்று அந்தக் காலத்தில் நம்பினார்கள். அப்போதே அதை மறுத்தவர்களும் உண்டு. 1 ஆம் நூற்றாண்டு ரோமானிய அறிஞர் பிளினி அதைப் பொய் என்றே எழுதினார். பெயருக்கு அவர் காலத்தில் சொல்லப்பட்ட இன்னொரு காரணத்தையும் குறித்திருக்கிறார்: இதன் நிறம் திராட்சை மதுவின் நிறத்தை நெருங்கி, அதை எட்டுமுன் ஊதாவாகிவிடுகிறதாம். எனக்கு இந்த விளக்கம்தான் பிடித்திருக்கிறது.

மதுக்கடவுள் டயோனிசஸ் துரத்திய பெண் கல்லானாள், அவன் ஊற்றிய மதுவில் அந்தக் கல் ஊதாவானது என்று ஒரு கதை இணையமெங்கும் கிரேக்கப் புராணமாக உலவுகிறது. அது புராணமே இல்லை. 16 ஆம் நூற்றாண்டுப் பிரெஞ்சுக் கவிஞர் ரெமி பெல்லோ கட்டிய கதை. சொல் விளக்கம் எழுதுபவர்கள் இதை மூலக்கதையாகக் காட்டக் கூடாது.

சரி, இது என்ன கல்? குவார்ட்ஸ்தான், அதாவது படிகம். உள்ளே சிறிதளவு இரும்பு கலந்து, பாறையின் இயற்கைக் கதிர்வீச்சும் பட்டதால் ஊதா ஏறியது. சூடேற்றினால் பெரும்பாலும் மஞ்சளாகிவிடும். சந்தையில் சிட்ரின் என்று விற்கும் கற்களில் பல இப்படிச் சூடேற்றியவையே. ஒரு காலத்தில் மாணிக்கத்துக்கு நிகராக மதித்த கல் இது. கத்தோலிக்க ஆயர்களின் மோதிரங்களில் இடம்பெற்றது. 19 ஆம் நூற்றாண்டில் பிரேசிலில் ஏராளமாகக் கிடைத்ததும் விலை இறங்கியது.

நம் பக்கத்திலும் இதற்குப் பழைய தடம் உண்டு. நொய்யல் கரையில் உள்ள கொடுமணல் அகழாய்வில் பச்சைக்கல், நீலக்கல், சூதுபவளத்தோடு இதுவும் கிடைத்திருக்கிறது. நவரத்தினங்களில் இதற்கு இடமில்லை. நீலக்கல் வாங்க முடியாதவர்களுக்கு மாற்றாக, உபரத்தினமாக, சோதிடர்கள் இதைச் சொல்வார்கள். தூக்கம் தரும், நோய் தீர்க்கும் என்று இப்போது விற்கிறார்களே, அதற்கு மருத்துவச் சான்று கிடையாது.

தமிழ்ப் பெயருக்கு வருவோம். தமிழ் விவிலியத்தில் இது 'சுகந்தி'. தலைமைக் குருவான ஆரோனின் மார்ப்பதக்கத்திலும், விவிலியத்தின் கடைசி நூலான வெளிப்படுத்தின விசேஷத்தில் புதிய எருசலேம் நகரின் பன்னிரண்டாம் அஸ்திபாரமாகவும் வருகிறது. ஆனால் வேதம் வாசிப்பவர்களைத் தாண்டி அந்தச் சொல் பரவவில்லை. மற்றவர்களுக்கு அது ஒரு பெண்ணின் பெயர். செவ்வந்திக்கல் என்றதும் சிலருக்கு மஞ்சள் பூ நினைவுக்கு வரலாம். செம்மை, அந்தி என்று பிரித்துப் பாருங்கள், நிறம் பொருந்திவிடும். பொதுவான எழுத்தில் செவ்வந்திக்கல் என்றே எழுதலாம்; விவிலியம் பற்றி எழுதும்போது மட்டும் சுகந்தி போதும்.