ஒரு டெம்ப்ளேட்டில் வைத்த மாறி இன்னொன்றில் ஏன் காணாமல் போகிறது?

மெனு ஒரு கோப்பில், அடிப்பகுதி வேறொரு கோப்பில் என்று வலைப்பக்கத்தை டெம்ப்ளேட் கோப்புகளாகப் பிரித்து எழுதத் தொடங்கிய சில நாட்களிலேயே எல்லோரும் முட்டிக்கொள்ளும் இடம் இது. மாறிக்கு மதிப்புக் கொடுத்திருப்போம். பக்கத்தில் அந்த இடம் வெறுமையாக இருக்கும். பிழைச் செய்தியும் வராது. ஆர்மின் ரொனாக்கர் 2008-இல் வெளியிட்ட ஜின்ஜா2, பைதான் மொழியின் வலைச் சட்டகமான ஃபிளாஸ்க்கைப் பயன்படுத்துவோர் அன்றாடம் கையாளும் டெம்ப்ளேட் இயந்திரம்; டெம்ப்ளேட்டில் மாறிகளின் மதிப்புகளை நிரப்பிப் பக்கத்தை உருவாக்குவது அதுதான். அதை வைத்தே பார்ப்போம்.

ஜின்ஜாவில் கோப்புகளை இணைக்க மூன்று வழிகள் உண்டு. மூன்றிலும் மாறிகள் நடந்துகொள்ளும் விதம் வேறு.

'இன்க்ளூட்' எளியது. அழைக்கும் கோப்பில் உள்ள மாறிகள் எல்லாம் அழைக்கப்பட்ட கோப்புக்குத் தெரியும். ஆனால் இது ஒருவழிப் பாதை: உள்ளே 'செட்' கட்டளையால் மாறிக்குக் கொடுத்த மதிப்பு வெளியே வராது. 'இம்போர்ட்' நேர்மாறு. மேக்ரோக்கள் (பெயர் சொல்லி மீண்டும் மீண்டும் அழைக்கும் டெம்ப்ளேட் துண்டுகள்) உள்ள கோப்பை ஒருமுறை ஏற்றி நினைவில் வைத்துக்கொள்வதால், பக்கத்தின் மாறிகளை அது இயல்பாகப் பார்ப்பதில்லை. 'வித் கான்டெக்ஸ்ட்' என்று சேர்த்தால் பார்க்கும். ஆனாலும் தேவையான மதிப்பை மேக்ரோவுக்கு அளபுருவாகக் கொடுப்பதே நல்லது. அது எதை நம்பி இயங்குகிறது என்பது அழைக்கும் வரியிலேயே தெரிந்துவிடும்.

மூன்றாவது 'எக்ஸ்டெண்ட்ஸ்': எல்லாப் பக்கங்களுக்கும் பொதுவான தாய் லேஅவுட் கோப்பு 'பிளாக்' என்ற பகுதிகளை விட்டுவைக்கும், பக்கக் கோப்பு அவற்றை நிரப்பும். இங்கே மதிப்பு கீழிருந்து மேலேயும் போகும். பக்கக் கோப்பில், எந்த பிளாக்குக்குள்ளும் இல்லாமல் எழுதிய 'செட்' வரிகள் தாய் லேஅவுட்டுக்கு முன்பே இயங்கிவிடும். மெனுவில் எந்த இணைப்பைத் தடித்துக் காட்டுவது என்று லேஅவுட்டுக்குச் சொல்ல இதுவே சரியான வழி. லேஅவுட்டில், மதிப்பு இல்லாதபோது மாற்று மதிப்பைத் தரும் 'டிஃபால்ட்' வடிப்பானைப் போட்டு வைத்தால், மதிப்புத் தராத பக்கங்களும் ஒழுங்காக வரும். அதே 'செட்' வரியை பிளாக்குக்குள் எழுதினால் மதிப்பு அந்த பிளாக்கோடு முடிந்துவிடும்.

பலரையும் அதிகம் அலைக்கழிப்பது, பட்டியலில் உள்ள ஒவ்வொன்றுக்கும் அதே வரிகளைத் திரும்ப இயக்கும் லூப். கூடையில் 120, 80, 50 ரூபாய்க்கு மூன்று பொருட்கள். 'மொத்தம்' என்ற மாறியை 0 என்று வைத்து, லூப்புக்குள் ஒவ்வொரு விலையையும் கூட்டி மீண்டும் 'செட்' செய்கிறோம். லூப் முடிந்ததும் 250 வர வேண்டும், வருவதோ 0. ஒவ்வொரு சுற்றும் தனி எல்லைக்குள் நடக்கிறது. அங்கே பிறந்த மாறி சுற்று முடிந்ததும் அழிந்துவிடுவதால் அடுத்த சுற்று மறுபடி 0-விலிருந்தே கூட்டுகிறது. ஜின்ஜா 2.10-இல் வந்த 'நேம்ஸ்பேஸ்' பொருளுக்குள் மொத்தத்தை வைத்தால் மதிப்பு நிலைக்கும். வெறும் கூட்டலுக்கு அதுகூட வேண்டாம், 'சம்' வடிப்பானிடம் விலை என்ற பண்பின் பெயரைச் சொன்னால் ஒரே வரியில் முடிந்துவிடும். நிபந்தனை பார்க்கும் 'இஃப்' மட்டும் இதில் விலக்கு: அது புதிய எல்லையை உருவாக்காது.

லூப்புக்குள் பிளாக் எழுதினால் லூப்பின் மாறி பிளாக்குக்குள் தெரியாது. பட்டியலில் வெற்றுப் புள்ளிகள் மட்டும் வரும். பிளாக்கின் பெயருக்குப் பின் 'ஸ்கோப்ட்' என்று சேர்க்க வேண்டும்.

தளத்தின் பெயர் போல எல்லாப் பக்கங்களுக்கும் வேண்டிய மதிப்பை ஃபிளாஸ்க்கின் 'கான்டெக்ஸ்ட் ப்ராசஸர்' மூலம் கொடுக்கலாம். அதே பெயரில் பக்கத்தை உருவாக்கும் செயற்கூறும் ஒரு மதிப்பு அனுப்பினால், செயற்கூறு அனுப்பியதே வெல்லும். 'இம்போர்ட்' செய்த மேக்ரோக்களுக்கு இந்த மதிப்புகளும் இயல்பாகத் தெரியாது.

எதையும் தேடத் தொடங்கும் முன், நிரலை எழுதிச் சோதிக்கும் சூழலில் 'ஸ்ட்ரிக்ட்அன்டிஃபைண்ட்' அமைப்பை இயக்கிவிடுங்கள். இல்லாத மாறியை அச்சிட முயன்றதும், வெற்றிடம் விடாமல், மாறியின் பெயரோடு பிழை எழும். 'டிஃபால்ட்' வடிப்பான் அப்போதும் வழக்கம்போல் வேலை செய்யும்.