கழிவு லாரியைப் பார்த்து அயோடின் மாத்திரை கொடுக்காதீர்கள்

சென்ற மாதம் ஒரு தாய் தம் இரு குழந்தைகளையும் அழைத்துக்கொண்டு எங்கள் கதிர்வீச்சுப் பாதுகாப்புப் பிரிவுக்கு வந்தார். அமெரிக்காவின் நியூ மெக்சிகோ மாநில நெடுஞ்சாலையில், அணு ஆயுதத் தயாரிப்பின் கழிவை ஏற்றிச் சென்ற லாரிக்குப் பின்னால் இருபது நிமிடம் கார் ஓட்டிச் செல்ல நேர்ந்ததற்காக, இரண்டு வயதே ஆன இளைய குழந்தைக்கு மூன்று நாள்களாகப் பொட்டாசியம் அயோடைடு மாத்திரை கொடுத்திருந்தார். இவ்வாண்டில் நான் பார்க்கும் நான்காவது குடும்பம் இது. அச்சத்தால் மருந்தைத் தேடும் பெற்றோர் மீது எனக்குச் சினமில்லை. எந்தக் கதிரியக்கப் பொருளானாலும் இந்த மாத்திரை காக்கும் என்ற நம்பிக்கையை இத்தனை ஆண்டுகளாக யாரும் திருத்தாமல் விட்டிருக்கிறோமே என்பதுதான் என்னை வருத்துகிறது.

பொட்டாசியம் அயோடைடு செய்யும் வேலை ஒன்றே ஒன்றுதான். தைராய்டு சுரப்பியைச் சாதாரண அயோடினால் முன்கூட்டியே நிரப்பிவிடுவதால், கதிரியக்க அயோடின் உடலுக்குள் வந்தாலும் அங்கே அதற்கு இடமிருக்காது. இயங்கிக்கொண்டிருக்கும் அணு உலையில் விபத்து நேர்ந்து அயோடின்-131 வெளியேறும்போது, பொதுச் சுகாதார அதிகாரிகள் சொன்னால், சொன்ன அளவில் உட்கொள்ள வேண்டிய மருந்து அது. அயோடின்-131 எட்டு நாளில் பாதியாகக் குறைந்துவிடும். சில மாதங்களில் ஏறக்குறைய ஒன்றுமே மிஞ்சாது. பல ஆண்டுகளுக்கு முன் உருவான கழிவில் அது எப்படி இருக்கும்? அந்த லாரியில் உள்ள புளூட்டோனியம், அமெரிசியம் போன்ற கதிரியக்கத் தனிமங்களை இந்த மாத்திரை ஒரு விதத்திலும் தடுக்காது. ஆனால் தேவையின்றித் திரும்பத் திரும்பக் கொடுத்தால் சிறு குழந்தையின் தைராய்டு சுரப்பியின் இயக்கத்தைக் குலைக்கக்கூடும்; பச்சிளங்குழந்தைகளுக்கு அந்த ஆபத்து இன்னும் அதிகம். அதாவது, இல்லாத ஆபத்துக்காக உண்மையான ஓர் ஆபத்தை நாமே குழந்தைக்கு ஊட்டுகிறோம்.

லாரியில் இருப்பது பெரும்பாலும் ஆயுதக் கூடங்களில் பயன்படுத்திய கையுறைகள், உடைகள், கருவிகள், கெட்டியாக்கப்பட்ட சேறு ஆகியவை. யுரேனியத்தைவிடக் கனமான தனிமங்கள் படிந்தவை என்பதால் இவை தனிவகைக் கழிவாகக் கருதப்படுகின்றன. லாஸ் அலமோஸ், ஐடஹோ, சவன்னா ரிவர் போன்ற அமெரிக்க அணுசக்தி வளாகங்களிலிருந்து நியூ மெக்சிகோவின் கார்ல்ஸ்பாட் நகருக்கு அருகிலுள்ள உப்புப் பாறைக் கிடங்குக்கு, ஏறத்தாழ 655 மீட்டர் ஆழத்தில் நிரந்தரமாகப் புதைப்பதற்காக, 1999 மார்ச் முதல் இவை அனுப்பப்பட்டு வருகின்றன. இவற்றிலிருந்து வெளிப்படும் ஆல்பா துகள்கள் எனும் கதிர்வீச்சைத் தோலின் மேலடுக்கே நிறுத்திவிடும். அதே பொருள் தூசியாகி நுரையீரலுக்குள் போனால் மிகக் கொடியது. ஆகவே இங்கே காக்க வேண்டியது மூச்சை. காப்பது, கழிவை அடைத்து லாரியில் ஏற்றும் கலத்தின் இறுக்கம்.

கதிர்வீச்சு படுவதும் கதிரியக்கப் பொருள் ஒட்டிக்கொள்வதும் வேறு வேறு என்பதை எத்தனை முறை சொன்னாலும் எனக்குச் சலிக்காது. எக்ஸ்ரே எடுத்துக்கொண்டவர் வீடு திரும்பிக் குழந்தையை அணைத்தால் குழந்தைக்கு எதுவும் ஆகாது. மூடிய லாரிக்குப் பின்னால் சென்றவரும் அப்படித்தான். வாகனத்திலிருந்து இரண்டு மீட்டர் தொலைவில் கதிர்வீச்சு மணிக்கு 0.1 மில்லிசீவெர்ட்டுக்கு (உடலில் படும் கதிர்வீச்சை அளக்கும் அலகு) மேல் போகக் கூடாது என்பது விதி. அந்த உச்ச அளவே இருந்ததாகவும், அந்தத் தாய் இருபது நிமிடமும் இரண்டு மீட்டரிலேயே இருந்ததாகவும் வைத்துக்கொண்டாலும் கிடைப்பது 0.03 மில்லிசீவெர்ட் அளவில்தான். அமெரிக்காவில் வாழும் ஒருவர் இயற்கையிலிருந்து சில நாள்களில் பெறும் அளவு அது. அவர் சென்றதோ இன்னும் பல மடங்கு தொலைவில்.

கலத்தைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. ஒன்பது மீட்டர் உயரத்திலிருந்து வளையாத தளத்தின் மீது போடுவது, எஃகுத் தண்டின் மீது விழச் செய்வது, 800 டிகிரி செல்சியஸ் தீயில் அரைமணி நேரம் வைப்பது ஆகியவற்றுக்குத் தாங்க வேண்டும் என்ற அளவுகோலில் அணுசக்தி ஒழுங்குமுறை ஆணையம் சான்றளித்த கலங்கள்தாம் பயன்படுத்தப்படுகின்றன. இரண்டு ஓட்டுநர்கள் மாறி மாறி ஓட்டுகிறார்கள். செயற்கைக்கோள் வழியாக லாரி எங்கே போகிறது என்று இடைவிடாது கண்காணிக்கிறார்கள்.

அப்படியானால் கவலைப்படவே கூடாதா என்று கேட்டால், கவலைப்படுங்கள் என்பதே என் பதில்; ஆனால் சரியான இடத்தில் கவலைப்படுங்கள். 2014 பிப்ரவரி 14 அன்று கார்ல்ஸ்பாட் கிடங்கில் நேர்ந்த கசிவுக்கும் சாலைக்கும் எந்தத் தொடர்பும் இல்லை. லாஸ் அலமோஸில் ஒரு டிரம்மை நிரப்பியபோது, நைட்ரேட் உப்புகளோடு சேர்க்க வேண்டிய கனிமப் பொருளுக்குப் பதிலாக, வளர்ப்புப் பூனையின் கழிவை உறிஞ்சுவதற்காகக் கோதுமையிலிருந்து செய்த தூளைச் சேர்த்துவிட்டார்கள். வேதிவினை மூண்டு, சூடேறி, டிரம் நிலத்தடியில் பிளந்தது. கழிவைப் புதைக்கும் வேலை மீண்டும் தொடங்க 2017 ஜனவரி ஆயிற்று. லாரியைக் கண்டு அஞ்சிய நாம் யாரும், டிரம்மில் எதைப் போடுகிறார்கள், யார் சரிபார்க்கிறார்கள் என்று கேட்டிருக்கவில்லை. வாஷிங்டன் மாநிலத்து ஹான்ஃபோர்டிலோ, ஆயுதங்களுக்காகப் புளூட்டோனியம் பிரித்தபோது மிஞ்சிய சுமார் 5.6 கோடி கேலன் கழிவு 177 நிலத்தடித் தொட்டிகளில் தேங்கிக் கிடந்தது. அவற்றில் பல கசிந்தவை. நகரும் கழிவைவிட, போக இடமின்றி நின்றுபோன கழிவே என் தூக்கத்தைக் கெடுக்கிறது.

எனவே, பெற்றோரே, மாத்திரையை அலமாரியிலேயே வையுங்கள். அதிகாரிகள் சொல்லாமல் ஒருபோதும் கொடுக்காதீர்கள். மஞ்சளும் வெள்ளையுமான பலகையில் கதிரியக்கத்தைக் காட்டும் மூவிதழ்க் குறியுள்ள லாரி விபத்துக்குள்ளானால், அவசர உதவி எண்ணான 911-ஐ அழைத்துப் பலகை விவரத்தைச் சொல்லுங்கள். காற்று உங்களிடமிருந்து லாரியை நோக்கி வீசும் பக்கமாக விலகி நில்லுங்கள். படம் பிடிக்கக் கிட்டே போகாதீர்கள். தூசி படிந்திருக்கலாம் என்று தோன்றினால், சோதனை முடியும்வரை எதையும் உண்ணாதீர்கள், புகைக்காதீர்கள். மேலுடையை மெதுவாகக் கழற்றிப் பையில் கட்டி வைத்துவிட்டு, சோப்பு போட்டுக் குளியுங்கள். தோலைத் தேய்த்துப் புண்ணாக்காதீர்கள். மீட்புப் பணிக்கு வரும் தோழர்களுக்கு ஒரு வேண்டுகோள்: காயமுற்ற ஓட்டுநரைக் கதிரியக்கத்துக்கு அஞ்சிக் காத்திருக்கவிடாதீர்கள். உயிரைக் காப்பதே முதல் வேலை. ஒட்டிய தூசியைப் பிறகு அகற்றலாம்.

பொதுக் கூட்டங்களில் மேடையேறும் அதிகாரிகளிடமும் மன்றாடிக் கேட்டுக்கொள்கிறேன். 'பாதுகாப்பானது' என்ற ஒற்றைச் சொல்லோடு அமர்ந்துவிடாதீர்கள். 2014-க்கு முன்பும் இதே சொல்லைத்தான் மக்கள் கேட்டார்கள். எந்த டிரம்மில் என்ன இருக்கிறது, அளந்த எண் எவ்வளவு, பிழை நேர்ந்தபோது எதை மாற்றினீர்கள் என்று சொல்லுங்கள். கார்ல்ஸ்பாட் வட்டாரத்தில், கிடங்கு திறப்பதற்கு முன்பிருந்தே மக்களின் உடலிலுள்ள கதிரியக்கத்தைக் கட்டணமின்றி அளந்து வந்த பல்கலைக்கழக மையம் ஒன்று இருக்கிறது. நேற்றைய அளவு கையில் இருப்பதால்தான் இன்றைய அளவைப் பார்த்து அங்குள்ளவர்களால் ஏதாவது சொல்ல முடிகிறது. கழிவு கடந்து செல்லும் மற்ற ஊர்களுக்கும் அத்தகைய அளவுகள் வேண்டும். அந்தத் தாய் கேட்டதும் அதைத்தான்: "என் குழந்தைக்கு எவ்வளவு பட்டது?" அவருக்கு எண்ணைக் கணக்கிட்டுக் காட்டினேன், மாத்திரையை நிறுத்தச் சொல்லி, இளையவனைத் தைராய்டு பரிசோதனைக்காகக் குழந்தை மருத்துவரிடம் அனுப்பினேன்.