அலாட்மென்ட் வரும் வரை

மே மாதம் தொடங்கி ஆகஸ்ட் முடியும் வரை என்னிடம் மனநல ஆலோசனைக்கு வரும் பதினேழு, பதினெட்டு வயதுப் பிள்ளைகளில் பலருக்குத் தேர்வு பயம் கிடையாது. தேர்வெல்லாம் எழுதி முடித்தாயிற்று. தூக்கமில்லை, சாப்பாடு இறங்கவில்லை, எதற்கெடுத்தாலும் எரிந்து விழுகிறான் என்று வீட்டில் அழைத்து வருவார்கள். கொஞ்ச நேரம் பேசினால் தெரிந்துவிடும், பிள்ளை ஏதோ ஒரு முடிவுக்காகக் காத்துக்கொண்டிருக்கிறது.

ஒரு முடிவு என்றாலும் பரவாயில்லை. முதலில் பிளஸ் டூ ரிசல்ட். கணிதத்துக்கு 100, இயற்பியலுக்கும் வேதியியலுக்கும் தலா 50 என்று பொறியியல் கலந்தாய்வுக்காக 200-க்குக் கட்-ஆஃப் போட்டுப் பார்க்க வேண்டும். பிறகு, எல்லாம் சமமாக இருந்தால் யார் முந்தி என்று தீர்மானிக்கும் ரேண்டம் நம்பர், ரேங்க் லிஸ்ட், எந்த ரவுண்டில் வருகிறோம் என்ற கவலை, வேண்டிய கல்லூரிகளை வரிசைப்படுத்தும் சாய்ஸ் ஃபில்லிங், தற்காலிக ஒதுக்கீடு. நடுவில் நீட், ஜேஇஇ. அப்புறம், எதற்கும் இருக்கட்டும் என்று விண்ணப்பித்து வைத்த இரண்டு மூன்று தனியார் பல்கலைக்கழகங்கள். ஒவ்வொன்றுக்கும் தனி இணையதளம், தனி பாஸ்வேர்டு.

2018-க்கு முன்னால் பொறியியல் கலந்தாய்வு கிண்டி அண்ணா பல்கலைக்கழக வளாகத்தில் நேரில் நடந்தது. வெளியூர்க் குடும்பங்கள் ராத்திரி பஸ் பிடித்து வந்து மரத்தடியில் உட்கார்ந்திருக்கும். எந்தக் கல்லூரியில் எத்தனை இடம் மிச்சம் என்று பெரிய திரையில் ஓடும். முறை வந்ததும் உள்ளே போய், தேர்ந்தெடுத்து, கையில் கடிதத்தோடு வெளியே வருவார்கள். அலைச்சல், செலவு எல்லாம் உண்டு. அந்த நாள் திரும்பி வர வேண்டும் என்று நான் சொல்லவில்லை. ஆனால் அந்தக் காத்திருப்புக்கு ஓர் இடம் இருந்தது, நேரம் இருந்தது, பக்கத்தில் நாலு பேர் இருந்தார்கள். இப்போது அது போனுக்குள் போய்விட்டது. போன் தலையணைக்கு அடியில் இருக்கிறது.

கே.கே. நகரிலிருந்து வந்த ஒரு பையன் (அடையாளம் தெரியாதபடி விவரங்களை மாற்றியிருக்கிறேன்) என்னோடு பேசிக்கொண்டிருக்கும்போதே மேஜைக்கடியில் போனை வைத்து, கட்டை விரலால் திரையைக் கீழே இழுத்து இழுத்து விட்டுக்கொண்டிருந்தான். அவன் கண் என் மேல்தான். விரல் பாட்டுக்குத் தன் வேலையைச் செய்தது. “எத்தனை மணிக்கு வரும்னு போட்டிருக்காங்க?” என்றேன். “நாளைக்குத்தான் மேடம். ஆனா முன்னாடியே வந்தாலும் வந்துடும்.”

அவன் சொன்னதில் நியாயம் இருக்கிறது. 2024-இல் ஜூன் 14 அன்று வரும் என்று சொல்லியிருந்த நீட் முடிவு, தேர்தல் முடிவு வந்த ஜூன் 4 அன்றே வெளியானது. 2025-இல் மே 9 என்று அறிவித்த பிளஸ் டூ ரிசல்ட் 8-ஆம் தேதியே வந்தது. “தேதி போட்டிருக்காங்கல்ல, அதுவரைக்கும் போனைத் தொடாதே” என்று பெற்றோர் சொன்னால் பிள்ளைகள் ஏன் நம்புவதில்லை என்று புரிகிறதா? எப்போது கிடைக்கும் என்று தெரியாத பரிசுக்குத்தான் மனம் அதிகம் அடிமையாகும். சூதாட்ட இயந்திரத்தின் கைப்பிடியை இழுப்பவனைப் பிடித்து வைத்திருப்பதும் இதுவேதான். இதோடு இன்னொன்றும் சேர்கிறது. பக்கத்தைத் திறந்து ‘இன்னும் வரல’ என்று பார்த்ததும் ஒரு சின்ன நிம்மதி கிடைக்கும். அது சில நிமிடங்களில் கரைந்துவிடும், மறுபடி பார்க்கத் தோன்றும். பார்க்கப் பார்க்கப் பதற்றம் தணிவதில்லை, ஏறுகிறது.

தெரியாமல் இருப்பது, கெட்டது என்று தெரிந்துவிடுவதைவிடக் கஷ்டமா? லண்டன் யூனிவர்சிட்டி காலேஜில் ஓர் ஆய்வு செய்தார்கள். 2016-இல் வெளியானது. கணினி விளையாட்டில் கல்லுக்கடியில் பாம்பு இருக்கிறதா என்று ஊகிக்க வேண்டும், பாம்பு இருந்தால் கையில் லேசான மின் அதிர்ச்சி. அதிர்ச்சி நிச்சயம் என்று தெரிந்தபோது இருந்ததைவிட, பாதிக்குப் பாதி வாய்ப்பு என்று இருந்தபோதுதான் பதற்றம் உச்சத்தில் இருந்தது. ‘வந்தா வரட்டும், இல்லன்னா இல்லன்னு சொல்லித் தொலையட்டும்’ என்று பிள்ளைகள் புலம்புவது இதைத்தான்.

சரி, என்ன செய்வது? முதலில், “டென்ஷன் ஆகாதே” என்று சொல்வதை விட்டுவிடுங்கள். கலிபோர்னியாவில் வழக்கறிஞர் தேர்வு எழுதி நான்கு மாதம் முடிவுக்குக் காத்திருந்த சட்டப் பட்டதாரிகளை உளவியலாளர் கேட் ஸ்வீனி குழுவினர் ஆராய்ந்தார்கள். கவலையைத் தணிக்க அவர்கள் செய்த முயற்சிகள் பெரிதாகப் பலிக்கவில்லை. ஆனால் அதிகம் கவலைப்பட்டவர்கள் கெட்ட செய்தியைக் கொஞ்சம் நன்றாகவே தாங்கிக்கொண்டார்கள். கவலைப்படுவது நோய் இல்லை. கவலைக்கு எல்லை இல்லாமல் போவதுதான் பிரச்சினை என்பது என் கட்சி.

அதனால் நான் போனைப் பிடுங்கச் சொல்வதில்லை. பார்ப்பதற்கு நேரம் குறிக்கச் சொல்கிறேன். காலையில் ஒரு தடவை, மாலையில் ஒரு தடவை, ஹாலில் உட்கார்ந்து. ராத்திரி போன் ஹாலிலேயே சார்ஜில் கிடக்கட்டும், பெற்றோருடையதும் சேர்த்து. அப்பா பன்னிரண்டு மணிக்கு வாட்ஸ்அப் குழுவில் ‘போன வருஷ கட்-ஆஃப்’ படித்துக்கொண்டிருந்தால் பிள்ளை எப்படித் தூங்கும்? மிச்ச நேரத்துக்கு, கை முழுக்க ஈடுபடும் வேலை ஒன்று வேண்டும். ஒரு பெண் எல்எல்ஆர் போட்டு ஸ்கூட்டி ஓட்டக் கற்றுக்கொண்டாள். வண்டி ஓட்டும்போது ரிசல்ட் ஞாபகம் வராது, வந்தால் கீழே விழ வேண்டியதுதான்.

காத்திருப்பில் உண்மையான வேலையும் இருக்கிறது. வீடுகளில் அது கோட்டை விடப்படுவதை அடிக்கடி பார்க்கிறேன். விண்ணப்பத்தை பிரவுசிங் சென்டரில் போட்டிருப்பார்கள், பாஸ்வேர்டு கடைக்காரர் நோட்டில் இருக்கும். ஓடிபி வருவது அம்பத்தூரில் ஷிப்டில் இருக்கும் அப்பாவின் போனுக்கு. தற்காலிக ஒதுக்கீடு வந்ததும் குறித்த கெடுவுக்குள் உறுதி செய்யாவிட்டால் அந்த இடம் கைவிட்டுப் போய்விடும். இதுவே போதும், இதைவிட மேலே கிடைத்தால் போகிறேன் என்பதையெல்லாம் கெடு ஓடும்போது யோசிக்கக் கூடாது, முன்பே பேசி வைக்க வேண்டும். பாஸ்வேர்டை ஒரு தாளில் எழுதி அலமாரியில் ஒட்டிய அன்றே ஒரு வீட்டில் பாதிச் சண்டை நின்றது.

பக்கத்தை யார் திறப்பது என்று பிள்ளையிடமே கேளுங்கள். சிலருக்குத் தனியாகப் பார்த்துவிட்டு வெளியே வந்து சொல்ல வேண்டும். சிலருக்கு அக்கா பார்த்துச் சொன்னால் போதும். சித்தப்பா, அத்தை எல்லாம் வீடியோ காலில் காத்திருக்க வேண்டிய அவசியமே இல்லை. பெரம்பூர்ப் பெண் ஒருத்தி எனக்குச் சொன்னது: “அப்பா ஸ்கிரீனைப் பார்க்கல மேடம். என் மூஞ்சியையே பார்த்துட்டு இருந்தாரு. அதுதான் தாங்கல.” கிடைத்த கல்லூரியின் பெயரைவிட அதுதான் அவளுக்கு நினைவிருந்தது. முடிவு எதுவானாலும் முதலில் என்ன சொல்லப் போகிறோம் என்று பெற்றோர் முன்கூட்டியே பேசி வைத்துக்கொள்வது நல்லது. “சரி, சாப்பிட்டுட்டுப் பேசலாம்” என்பது மோசமான வாக்கியம் இல்லை.

சில பிள்ளைகளுக்கு இதெல்லாம் போதாது. யாரிடமும் பேசாமல் அறைக்குள் அடைந்துகொள்வது, நாள்கணக்கில் தூங்காமல் இருப்பது, ‘நான் இருந்து என்ன பிரயோஜனம்’, ‘உங்களுக்குப் பாரமா இருக்கேன்’ என்ற பேச்சு, பிடித்த பொருட்களை எடுத்து மற்றவர்களுக்குக் கொடுப்பது என்று ஏதாவது தெரிந்தால் ரிசல்ட் வரட்டும் பார்க்கலாம் என்று இருக்காதீர்கள். சாகத் தோன்றுகிறதா என்று நேராகவே கேளுங்கள். கேட்டால் அந்த எண்ணம் புதிதாக வந்துவிடாது, பேச வழிதான் கிடைக்கும். 14416 என்ற டெலி மனாஸ் மனநல உதவி எண்ணில் ராத்திரியிலும் தமிழில் பேசலாம். தமிழக அரசின் சுகாதார உதவி எண் 104 இருக்கிறது. மனநல மருத்துவர் லட்சுமி விஜயகுமார் 1986-இல் சென்னையில் தொடங்கிய தற்கொலைத் தடுப்பு மையமான ஸ்நேகாவின் எண் 044-24640050. அழைப்பதற்குப் பிள்ளைதான் வேண்டும் என்றில்லை, பயந்துபோன அம்மாவும் அழைக்கலாம். முடிவு சரியில்லாமல் வந்த அன்றைக்கு ராத்திரி மட்டும், கோபித்துக்கொண்டாலும் சரி, பிள்ளையைத் தனியாகப் படுக்க விடாதீர்கள்.