காஞ்சிபுரம் குளிர் தாங்குமா?

வெள்ளவத்தையில் இரவு யாழ்ப்பாண ஏசி பஸ்ஸில் ஏறிப் பாருங்கள். புத்தளம் வருவதற்குள் பாதிப் பேர் தலையோடு போர்த்திக்கொண்டு சுருண்டிருப்பார்கள். வருடம் முழுக்க 27, 28 பாகையில் வெந்துகொண்டிருக்கும் கொழும்புக்காரருக்குக் குளிர் என்றால் அதுதான். அதை விட்டால் நுவரெலியா. எங்கள் பெரியம்மா இரண்டுக்கும் ஒரே கம்பளிச் சால்வையைத்தான் கொண்டுபோவார்.

இப்போது அவருக்கு அந்தச் சால்வையில் நம்பிக்கை போய்விட்டது. கனடாவில் இருக்கும் மகள் ஜூன் மாதத்துக்கு அலாஸ்கா கப்பல் பயணம் பதிவு செய்திருக்கிறாள். வன்கூவரில் ஏறி ஏழு இரவு. பேரப்பிள்ளைகளோடு சேர்த்து ஒன்பது பேர். அதில் இரண்டு இரவு சாப்பாட்டுக்கு 'ஃபோர்மல்' உடை என்று செய்தி வந்ததிலிருந்து பெரியம்மாவுக்கு ஒரே யோசனை. "தம்பி, காஞ்சிபுரம் கட்டினால் அந்தக் குளிரைத் தாங்குமோ? இல்லாட்டி ஜக்கெட்டைப் போட்டுக்கொண்டுதான் சாப்பிட இருக்கவேணுமோ?"

உடை விதியைப் பற்றிப் பெரிதாகச் சொல்ல ஒன்றும் இல்லை. நிறுவனத்துக்கு நிறுவனம் கொஞ்சம் மாறும். பெரும்பாலான இரவுகளில் ஒழுங்கான காற்சட்டையும் சேர்ட்டும் போதும். ஒன்றிரண்டு இரவு மட்டும் கோட், நீளக் கவுண் என்று அலங்காரம். அன்றைக்குப் பட்டுச் சேலை கட்டிப் போனால் அந்த மண்டபத்திலேயே நன்றாக உடுத்தியவர் பெரியம்மாவாகத்தான் இருப்பார். அலங்காரமே வேண்டாம் என்பவர்கள் பஃபேயில் சாப்பிட்டுக்கொள்ளலாம். ஆனால் அந்தக் 'குளிரைத் தாங்குமோ' இருக்கிறதே, அது நல்ல பௌதிகக் கேள்வி.

முதலில் ஒரு விஷயம்: மண்டபத்துக்குள் குளிராது. கப்பல் எந்தக் கடலில் போனாலும் உள்ளே ஏறத்தாழ 21, 22 பாகைதான், நம்மூர் வங்கி ஒன்றுக்குள் நுழைந்தது போல. தொல்லை கதவுக்கு வெளியே இருக்கிறது. ஜூன் மாதத்தில் அலாஸ்காவின் ஜூனோ நகரில் சூரியன் மறைய இரவு பத்து மணியாகிவிடும். அதனால் இராச்சாப்பாடு நல்ல வெளிச்சத்திலேயே நடக்கும். சூப்பைப் பாதி குடித்திருக்கும்போது யாராவது "திமிங்கிலம்!" என்பார்கள். கோடைக்கு அந்தக் கடலில் இரை தேடி வரும் கூன்முதுகுத் திமிங்கிலங்கள் சாப்பாட்டு நேரம் பார்த்து வருவதில்லை. பிள்ளைகள் அதற்குள் கதவைத் திறந்திருப்பார்கள். வெளியே 8 பாகை, அதோடு காற்று. இரண்டு நிமிட நடையில் இரண்டு காலநிலை, உடுத்தியிருப்பதோ ஒரே உடுப்பு.

சும்மா உட்கார்ந்திருக்கும் ஒரு பெரியவரின் உடல் ஏறத்தாழ 100 வாட் வெப்பத்தை வெளிவிடுகிறது, பழைய குண்டு பல்ப் ஒன்றைப் போல. அது தேவைக்கு மேல் வேகமாகப் போனால் நமக்குக் குளிர்கிறது. உடுப்பு அந்த வேகத்தைக் குறைக்கிறது, அவ்வளவுதான்; துணிக்குச் சொந்தச் சூடு கிடையாது. மீன் சந்தையில் ஐஸ் கட்டியை மரத்தூளில் புதைத்துச் சாக்கால் மூடி வைப்பார்களே, அதுவும் இதே வேலைதான், திசை மட்டும் எதிர். பெரியம்மாவின் கம்பளிச் சால்வையால் ஒரு ஐஸ் கட்டியைச் சுற்றி வைத்தால் அதுவும் ஆறுதலாகத்தான் உருகும். உள்ளே இருப்பது ஐஸா ஆளா என்று சால்வைக்குத் தெரியாது.

சால்வையில் இந்தத் தடுப்பு வேலையைப் பெரும்பாலும் செய்வது நூல்களுக்கு நடுவே அகப்பட்டுக் கிடக்கும் காற்று. அசையாத காற்று வெப்பத்தைக் கடத்துவதில் பெரிய சோம்பேறி. தண்ணீர் அதைவிட ஏறத்தாழ 25 மடங்கு நன்றாகக் கடத்தும். கம்பளி இழை இயல்பிலேயே சுருள்சுருளாக இருப்பதால் நிறையக் காற்றைப் பிடித்து வைக்கிறது. அதை அமுக்கினால் காற்றும் போய்விடும், தடுப்பும் போய்விடும். குளிருக்குப் பயந்து இரண்டு சோடி சொக்ஸைப் போட்டு, கால் கொள்ளாத சப்பாத்துக்குள் திணிப்பவருக்கு ஒரு சோடி போட்டவரைவிட அதிகம் விறைப்பது இதனால்தான். காற்றையும் பிழிந்துவிட்டார், இரத்த ஓட்டத்தையும் இறுக்கிவிட்டார்.

உடுப்பின் இந்தத் தடுப்பை அளக்க ஓர் அலகு இருக்கிறது: குளோ. காகே, பர்ட்டன், பேசெட் என்ற மூவர் 1941இல் முன்வைத்தது. 21 பாகையில், காற்று ஏறக்குறைய அசையாத அறையில், சும்மா உட்கார்ந்திருப்பவருக்கு இதமாக இருக்கும் உடுப்பு 1 குளோ. நடைமுறையில் அது ஓர் ஆணின் முழுக் கோட் சூட். நாம் கொழும்பில் வேலைக்குப் போட்டுக்கொண்டு போகிற அரைக்கை சேர்ட்டும் மெல்லிய காற்சட்டையும் ஏறத்தாழ அரை குளோதான் வரும். கப்பல் மண்டபத்தின் 21 பாகையில் கோட் போட்டவர் சௌகரியமாக இருக்க, அரைக்கை சேர்ட்டோடு வந்தவர் கையைத் தேய்த்துக்கொண்டிருப்பதன் கணக்கு இது.

சேலை எங்கே நிற்கிறது? அதையும் அளந்திருக்கிறார்கள். உடல் சூட்டுக்கு வெப்பமேற்றிய ஒரு பொம்மைக்குச் சேலையை விதம்விதமாகக் கட்டி, பொம்மையைச் சூடாகவே வைத்திருக்க எவ்வளவு மின்சாரம் செலவாகிறது என்று பார்ப்பார்கள். உடுப்பை மாற்றாமல், கட்டுகிற விதத்தை மட்டும் மாற்றினாலே தடுப்பு மாறுகிறது. முந்தானையைத் தோளைச் சுற்றி இழுத்துப் போர்த்தினால் கூடும், ஒற்றையாகத் தொங்கவிட்டால் குறையும். அதாவது கழற்றாமலே கூட்டிக் குறைக்கக்கூடிய உடுப்பு. கோட்டுக்கு இந்த வசதி குறைவு. கொய்யகத்தில் அடுக்கடுக்காக மடிப்பு, மடிப்புக்கு மடிப்பு காற்று, உள்ளே பாவாடை வேறு. இடுப்புக்குக் கீழே பெரியம்மா கெட்டிதான்.

ஓட்டை மற்ற இடங்களில். இடுப்பு வெறுமை, கழுத்து வெறுமை, முழங்கைக்குக் கீழே ஒன்றும் இல்லை. அடிப்பக்கம் முழுவதும் திறந்தும் கிடக்கிறது. உடலை ஒட்டிய சூடான காற்று இலேசானது. அது மேலே எழும்பிக் கழுத்து வழியே வெளியேற, கீழேயிருந்து குளிர்காற்று உள்ளே வரும், புகைபோக்கி மாதிரி. நடக்கும்போது கொய்யகம் ஆடி ஆடி துருத்தி போலக் காற்றை மாற்றிக்கொண்டே இருக்கும். கொழும்புப் புழுக்கத்தில் சேலையைச் சகிக்க முடிவதே இந்தக் காற்றோட்டத்தால்தான். அலாஸ்காவில் அதே காரியம் பாதகமாகிறது.

மருந்து எளிது: ரவிக்கைக்குள் மெல்லிய முழுக்கைத் தெர்மல் என்ற குளிர்கால உள்ளுடுப்பு, பாவாடைக்குள் தெர்மல் லெகிங்ஸ். கையைத் தவிர வெளியே ஒரு நூல் தெரியாது. கை தெரிகிறது என்று கவலைப்பட்டால் கறுப்பு முழுக்கை உள்சட்டையையே ரவிக்கையாகப் போட்டுக்கொள்ளலாம், இப்போது அது நாகரிகமும்கூட.

ஆனால் இதைச் செய்யப் போனால் இன்னொரு வில்லங்கம் வரும். 5 பாகைக் காற்றில் ஒரு கனமீற்றருக்கு அதிகபட்சம் 7 கிராம் அளவு நீராவிதான் நிற்கும். அதே காற்றைக் கப்பலுக்குள் எடுத்து 22 பாகைக்குச் சூடாக்கி, நீராவி எதுவும் சேர்க்காமல் விட்டால் அதன் ஈரப்பதம் 35 சதவீதத்துக்கு விழும். கொழும்புக் காற்றில் சாதாரணமாகவே 20 கிராமுக்கு மேல் நீராவி இருக்கிறது; நம் துணிகள் எப்போதும் கொஞ்சம் நனைந்தே இருப்பதால் உரசலில் எழும் மின்னேற்றம் நழுவிப் போய்விடும். வறண்ட காற்றில் அது போக வழியில்லை. பட்டும் பொலியெஸ்டரும் உரசினால் ஒன்று நேரேற்றமும் மற்றது எதிரேற்றமும் பெறும். இரண்டும் ஒன்றையொன்று இழுக்க, கொய்யகம் காலோடு ஒட்டிக்கொண்டு வரும். நடுவே பருத்திப் பாவாடை இருந்தால் தொல்லை குறையும். நைலோன் பாவாடையைக் கொழும்பிலேயே விட்டுவிட்டுப் போங்கள்.

இழைகளுக்குள் வேறுபாடு ஈரத்தில்தான் அதிகம் தெரியும். சாதாரண அறைக் காற்றில் கம்பளி தன் எடையில் ஏறத்தாழ 16 சதவீதம் ஈரத்தைத் தனக்குள் வைத்திருக்கும். பட்டு 11, பருத்தி 8, பொலியெஸ்டர் ஒரு சதவீதம்கூட இல்லை. கம்பளி ஈரத்தை இழையின் உள்ளே உறிஞ்சிக்கொள்வதால் தோலுக்கு நனைந்த உணர்வு இலேசில் வராது. உறிஞ்சும்போது கொஞ்சம் வெப்பத்தையும் வெளிவிடும். பருத்தி நனைந்தால் ஈரம் இழைகளுக்கிடையே தேங்கி, காற்று இருந்த இடத்தைத் தண்ணீர் பிடித்துக்கொள்ளும். மேலே சொன்ன 25 மடங்கை நினைத்துப் பாருங்கள். ஆகவே தோலோடு ஒட்டிய அடுக்குக்குப் பருத்தி பெனியன் வேண்டாம். மெல்லிய கம்பளியோ, ஈரத்தைக் கடத்திவிடும் பொலியெஸ்டரோ நல்லது. மண்டபத்துக்குள் ஜக்கெட்டோடு உட்கார்ந்திருப்பதில் உள்ள பிழையும் இதுதான். சாப்பிடும் ஒரு மணி நேரம் மெதுவாக வியர்க்கும். அந்த வியர்வையோடு கப்பலின் திறந்த தளத்துக்குப் போனால், அது ஆவியாகும்போது உடலின் சூட்டையும் எடுத்துக்கொண்டு போய்விடும்.

சரி, தளத்துக்கு எவ்வளவு வேண்டும்? உட்கார்ந்திருப்பவருக்கு ஒரு குளோ கூட்டினால் ஏறத்தாழ ஆறேழு பாகை குறைந்த குளிரைத் தாங்கலாம். 8 பாகையில் தளத்து நாற்காலியில் அசையாமல் இருக்க மூன்று குளோ வரை வேண்டியிருக்கும், அதாவது மூன்று கோட் சூட். எழுந்து சுறுசுறுப்பாக நடந்தால் உடல் உண்டாக்கும் வெப்பம் இரண்டு மூன்று மடங்காகும், தேவை பாதியாகக் குறையும். திமிங்கிலம் பார்க்க ஓடுகிற பிள்ளைகளுக்குக் குளிராதது போலவும், பின்னால் வந்து கம்பியைப் பிடித்து நிற்கிற அம்மம்மாவுக்கு நடுங்குவது போலவும் இருப்பது இதனால்தான். ஆனால் ஓட்டம் நின்றதும் பிள்ளைகள் நம்மைவிட வேகமாகக் குளிர்ந்துபோவார்கள். சின்ன உடலுக்கு எடையோடு பார்த்தால் தோலின் பரப்பு அதிகம். வயதானவர்களுக்கு வேறு பிரச்சினை: தோலின் இரத்தக் குழாய்களைச் சுருக்கிச் சூட்டைக் காக்கும் வேலை மந்தமாகிவிடும், குளிர்கிறது என்று உணர்வதே பிந்தலாம். 'எனக்குக் குளிரேல்லை' என்று பெரியம்மா சொன்னாலும் சால்வையைப் போர்த்திவிடுவது நல்லது.

இதுவரை காற்று அசையாத கணக்கு. கப்பல் மணிக்கு 37 கிலோமீற்றர் போனால், கடல் அமைதியாக இருந்தாலும் தளத்தில் நிற்பவரின் முகத்தில் அந்த வேகத்தில் காற்று அடிக்கும். தோலை ஒட்டி எப்போதும் ஒரு மெல்லிய சூடான காற்றுப் படலம் நிற்கிறது, நாம் பணம் கொடுக்காமல் போட்டிருக்கும் ஓர் உடுப்பு. காற்று அதைக் கலைத்துக்கொண்டே இருக்கும். இதை அளந்து பெயர் பெற்றவர்கள் சைப்பிள், பாசெல் என்ற இரண்டு அமெரிக்கர்கள். அந்தாட்டிக்காவில் ஒரு பிளாஸ்ரிக் உருளைக்குள் தண்ணீரை வைத்து, வெவ்வேறு காற்றில் அது உறைய எவ்வளவு நேரம் எடுக்கிறது என்று பார்த்தார்கள். 1945இல் முடிவை வெளியிட்டார்கள். 2001இல் திருத்திய சூத்திரத்தைத்தான் இன்று கனடாவும் அமெரிக்காவும் பாவிக்கின்றன. அதில் 5 பாகையையும் 37 கிலோமீற்றர் காற்றையும் போட்டால் விடை பூச்சியத்துக்குச் சற்றுக் கீழே வருகிறது. ஆகவே தடித்த சுவெட்டரைவிட, காற்றுப் புகாத மெல்லிய மழை ஜக்கெட் ஒன்று சால்வைக்கு மேலே இருந்தால் அதிகம் உதவும். மழைக்கும் அதுதான். பல கப்பல்கள் நிற்கும் கெச்சிக்கன் என்ற அலாஸ்கா நகரில் வருடத்துக்கு 3,500 மில்லிமீற்றருக்கு மேல் மழை பெய்கிறது. கொழும்புக்கு 2,400 அளவில்தான்.

இன்னொன்று, சன்னலோர மேசை. காட்சிக்காக எல்லோரும் அதைத்தான் கேட்பார்கள். மண்டபத்தின் காற்று 22 பாகையாக இருந்தாலும் பெரிய கண்ணாடி குளிர்ந்தே இருக்கும். நம் தோல் 33 பாகை. அது சுற்றியுள்ள பரப்புகளுக்கு ஓயாமல் வெப்பக் கதிரை வீசிக்கொண்டிருக்கிறது. சுவர் திருப்பித் தருகிற அளவுக்குக் குளிர்ந்த கண்ணாடி தராது. கண்ணாடிப் பக்கத்துத் தோள் மட்டும் சில்லிட்டால் ஏசியைக் குறை சொல்ல வேண்டாம், முந்தானையை அந்தத் தோளுக்கு மாற்றுங்கள்.

தலை வழியாகத்தான் பாதிச் சூடு போகிறது என்ற பழைய கதையையும் பெரியம்மா எங்கேயோ கேட்டிருக்கிறார். வளர்ந்தவரின் தலை உடற்பரப்பில் பத்தில் ஒரு பங்குக்குக்கூடக் குறைவு. போகிற சூடும் ஏறத்தாழ அதே அளவுதான். ஆனாலும் கம்பளித் தொப்பி ஒன்று ஜக்கெட் பையில் இருக்கட்டும். எல்லாம் மூடி அதை மட்டும் திறந்து வைத்தால் குளிரத்தான் செய்யும், பூவைக் கப்பலுக்குள்ளே வைத்துக்கொள்ளலாம்.

சாமான்களுக்குக் கனடா வரை போகத் தேவையில்லை. ஜக்கெட்டுக்கு நுவரெலியாவின் பேல் பசார் இருக்கிறது. குளிர்நாடுகளுக்கு நாம் தைத்து அனுப்புகிற உடுப்பில் மிஞ்சியது கொழும்புக் கடைகளிலும் கிடைக்கும். தெர்மல் வாங்கும்போது உடலை ஒட்டி இருக்கிறதா என்று பாருங்கள், இறுக்கக் கூடாது.

பெரியம்மா ஒரு அரக்குக் காஞ்சிபுரத்தை எடுத்து வைத்துவிட்டார். பெரியப்பா வேட்டிதான் கட்டுவேன் என்று நிற்கிறார். வேட்டிக்குள் போட வாங்கிய தெர்மல் காற்சட்டையை அளவு பார்க்கவென்று வெள்ளவத்தை வீட்டில் பகல் இரண்டு மணிக்குப் போட்டுப் பார்த்தார், 31 பாகையில், மின்விசிறிக்குக் கீழே. ஐந்து நிமிடத்தில் கழற்றி எறிந்துவிட்டு, "இது வேலை செய்யுது" என்றார்.