நேற்று முளைத்த மூலக் கட்டுரை

ஒருவருடைய மோசடியைப் பற்றி ஒரு பத்திரிகையாளர் எழுதுகிறார். எழுதியது அத்தனையும் உண்மை, அவதூறு வழக்குப் போட வழியில்லை. சில ஆண்டுகள் கழித்து அந்த ஆளின் பெயரைக் கூகுளில் தேடினால் கட்டுரை வருவதில்லை. அது பொய் என்று யாரும் நிரூபிக்கவில்லை. திருட்டுக் கட்டுரை என்று சொல்லித் தூக்கிவிட்டார்கள்.

இது எப்படி நடக்கிறது? காசு வாங்கிக்கொண்டு இணையத்தில் ஒருவரின் பெயரைச் சுத்தப்படுத்தித் தருவதையே தொழிலாகச் செய்கிறவர்கள் இருக்கிறார்கள். அவர்களில் சிலர், யாரும் கேள்விப்படாத ஒரு வலைப்பூவைத் தொடங்கி, கட்டுரையை வரி மாறாமல் அதில் ஒட்டுகிறார்கள். வலைப்பூவில் வெளியிடும் தேதியை எழுதுகிறவரே மாற்றிக்கொள்ளலாம். அசல் வந்த நாளுக்கு ஒரு வாரம் முன்னால் தேதி போட்டால் போதும், நகல் மூலமாகிவிடும். அப்புறம் கூகுளுக்கு ஒரு புகார்: ‘என் கட்டுரையைத் திருடிவிட்டார்கள், நீக்குங்கள்.’

1998-இல் அமெரிக்காவில் வந்த டிஎம்சிஏ என்ற பதிப்புரிமைச் சட்டப்படி, புகார் வந்ததும் சட்டென்று நீக்கிவிடும் நிறுவனம் அதற்காக இழப்பீடு தர வேண்டியிருக்காது. விசாரித்துக்கொண்டிருப்பதைவிட நீக்கிவிடுவது அவர்களுக்கு லாபம். எழுதியவர் மறுப்பு அனுப்பலாம்தான். ஆனால் அதில் தன் பெயர், முகவரி, தொலைபேசி எண் எல்லாம் தர வேண்டும், அது புகார் கொடுத்தவர் கைக்கும் போகும். ஆபத்தான ஆட்களைப் பற்றி எழுதுகிறவர் அங்கேயே தயங்கிவிடுவார். இந்தத் தொழிலில் எனக்கு மிகவும் கோபம் வரவைப்பது இதுதான். எழுதுகிறவரைக் காக்க வந்த சட்டத்தை வைத்தே அவர் வாயை அடைக்கிறார்கள்.

இந்தத் தொழிலைச் செய்த, ஸ்பெயினைச் சேர்ந்த எலிமினாலியா என்ற நிறுவனத்தின் சுமார் 50,000 உள் ஆவணங்கள் கசிந்து, 2023-இல் ஃபர்பிடன் ஸ்டோரீஸ் என்ற பத்திரிகையாளர் கூட்டமைப்பு அவற்றை அலசியபோது, இந்தத் தேதி வித்தையும் அதில் இருந்தது.

இணையத்தில் நற்பெயரைப் பார்த்துக்கொள்வதே தப்பு என்று நான் சொல்லவில்லை. தவறான தகவலைத் திருத்தச் சொல்வதும், புகாருக்குப் பொறுமையாகப் பதில் எழுதுவதும் நியாயமான வேலை. நடந்ததை நடக்காததுபோல் காட்டக் கிளம்பும்போதுதான் அது ஏமாற்று. கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் டேவிஸ் வளாகத்தில், 2011-இல் உட்கார்ந்து போராடிய மாணவர்கள் முகத்தில் வளாகப் போலீஸ் மிளகு ஸ்ப்ரேயைப் பீய்ச்சியது. அந்தச் செய்தியைத் தேடல் முடிவுகளில் கீழே தள்ளுவதற்காக நிர்வாகம் குறைந்தது 1,75,000 டாலர் செலவழித்தது 2016-இல் வெளிவந்தது. உடனே பழைய படங்கள் மறுபடி எங்கும் பரவின.

போலி ரிவ்யூக்களின் கதை வேறு. 2011-இல் கார்னெல் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் சிகாகோவின் 20 ஹோட்டல்களைப் பற்றி 400 உண்மையான ரிவ்யூக்களையும், காசு கொடுத்து எழுதவைத்த 400 பொய்களையும் வைத்துச் சோதித்தார்கள். அவற்றில் ஒரு பகுதியைப் படித்துப் பார்த்த மனிதர்கள் ஏறக்குறைய பூவா தலையா போட்ட கணக்கில்தான் சரியாகச் சொன்னார்கள். கணினி நிரலோ 90 சதவீதம் அளவுக்குக் கண்டுபிடித்தது. தங்கியவர் குளியலறை சின்னது, எந்த மாடி, எந்த இடம் என்று எழுதுகிறார். தங்காதவருக்கு அறை தெரியாது. அதனால் ‘நான்’, ‘என் கணவர்’, ‘பிரமாதமான அனுபவம்’ என்று தன்னையும் தன் மகிழ்ச்சியையும் பற்றியே எழுதிக்கொண்டு போகிறார்.

பொய்யே எழுதாமலும் ஏமாற்றலாம். 4 ஸ்டாருக்குக் கீழே வந்த ரிவ்யூக்களைத் தன் தளத்தில் வெளியிடாமல் மறைத்ததாக ஃபேஷன் நோவா என்ற ஆடை நிறுவனத்தின் மேல் அமெரிக்க வர்த்தக ஆணையம் குற்றம் சாட்டியது. 2022-இல் 42 லட்சம் டாலர் தர அந்த நிறுவனம் ஒப்புக்கொண்டது. மேலே தெரிந்த ஒவ்வொரு ரிவ்யூவும் உண்மையாகவே இருந்திருக்கலாம். சராசரிதான் பொய்.

சரி, காணாமல் போன கட்டுரைக்குத் தடயமே இல்லையா? இருக்கிறது. பதிப்புரிமைப் புகாரால் ஒரு முடிவை நீக்கினால், தேடல் பக்கத்தின் அடியில் கூகுள் அதைச் சொல்லி ஒரு சிறு குறிப்புப் போடுவது வழக்கம். அதிலுள்ள இணைப்பு லூமென் என்ற பொதுத் தரவுத்தளத்துக்குப் போகும். புகார் அங்கே இருக்கும். அது ‘மூலம்’ என்று காட்டும் தளத்தின் முகவரி எந்த நாளில் பதிவானது என்று தேடிப் பாருங்கள். கட்டுரையின் தேதிக்குப் பல மாதங்கள் கழித்துத்தான் அந்தத் தளமே பிறந்திருந்தால், யார் யாரிடமிருந்து திருடினார்கள் என்று விளங்கிவிடும்.