தொட்டாலே உள்ளே ஆகிவிடாது

ஆற்றோரத்தில் மருந்தும் உரமும் போடாமல் விட வேண்டிய நிலத்தைக் கணினி வரைபடத்தில் தப்பாக அளந்ததில், இந்த வருடத்தில் இது மூன்றாவது தோட்டம். இனியும் எழுதாமல் இருக்க முடியவில்லை.

மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் இருந்துகொண்டு சுற்றுவட்டாரச் செம்பனைத் தோட்டங்களுக்கு வரைபட வேலை செய்து கொடுக்கிறேன். போன மாதம் கடையில் தே தாரிக் குடித்துக்கொண்டிருந்தபோது மருந்தடிக்கும் அக்கா ஒருவர் எதிரில் வந்து உட்கார்ந்தார். "ஏழு பிளாக்குல மருந்தும் வேணாம், உரமும் வேணாம்னுட்டாங்க தம்பி. ஆத்துக்கும் நாங்க அடிக்கிற எடத்துக்கும் அரைக் கட்டை தூரம் இருக்கு. இப்ப வாரத்துக்கு மூணு நாளுதான் வேலை" என்றார்.

மறுநாள் தோட்டத்து ஆபீசுக்குப் போனேன். தோட்ட வேலையை மேற்பார்க்கும் கண்டக்டர் தம்பி, கியூஜிஐஎஸ் என்ற வரைபட மென்பொருளைத் திறந்து காட்டினார். ஆற்றுக் கோட்டுக்கு 20 மீட்டர் பஃபர், அதாவது கோட்டின் இரு பக்கமும் அவ்வளவு தூரத்துக்கு ஒரு பட்டை, போட்டிருக்கிறார். அப்புறம், இருக்கும் இடத்தை வைத்துத் தேர்ந்தெடுக்கும் 'செலெக்ட் பை லொகேஷன்' கொடுத்திருக்கிறார். ஏழு பிளாக்குகள் மஞ்சளாகிவிட்டன. பட்டியலில் கூட்டிப் பார்த்தால் 178 ஹெக்டர். அதை அப்படியே 'ஆற்றோரக் காப்பு நிலம்' என்று எழுதி எம்எஸ்பிஓ என்ற செம்பனை எண்ணெய்ச் சான்றிதழ் ஃபைலில் வைத்துவிட்டார். ஹெக்டருக்கு 136 மரம் என்று வைத்தால் கிட்டத்தட்ட 24,000 செம்பனைக்கு உரம் நின்றுபோனது.

அந்த ஆறு தோட்டத்துக்குள் ஓடும் தூரம் 3.4 கிலோமீட்டர். கரைக்கு 20 மீட்டர், இரண்டு கரைக்கும் சேர்த்து 13.6 ஹெக்டர். செக்ரோல் என்ற வருகைப் பதிவேட்டின் ஓரத்தில் பென்சிலால் போட்டுப் பார்க்கக்கூடிய கணக்கு இது. யாரும் போட்டுப் பார்க்கவில்லை.

"சிஸ்டமே காட்டுச்சு அண்ணே" என்கிறார்கள். இந்தப் பேச்சைக் கேட்டாலே எனக்குப் பொறுக்கவில்லை. சிஸ்டம் சரியாகத்தான் காட்டியது. நீங்கள் கேட்டது வேறு கேள்வி. அந்தப் பெட்டியைத் திறந்ததும் 'இன்டர்செக்ட்' என்ற இடத்தில் டிக் தானாகவே போடப்பட்டிருக்கும். அதற்கு 'உள்ளே இருப்பது' என்று பொருள் கிடையாது. எந்த விதத்திலாவது பட்டால் போதும் என்றுதான் பொருள். நாற்பது ஹெக்டர் பிளாக்கின் ஒரு மூலை மட்டும் பஃபருக்குள் நீட்டிக்கொண்டிருந்தாலும் பிளாக் முழுவதும் வந்துவிடும். எல்லையோடு எல்லை ஒட்டியிருந்தாலும் வரும். சந்தேகம் இருந்தால் உங்கள் தோட்டத்தில் ஒரு பிளாக்கை மட்டும் தனி லேயராக (வரைபட அடுக்காக)ப் பிரித்து, அதோடு 'இன்டர்செக்ட்' ஆகும் பிளாக்குகளைக் கேட்டுப் பாருங்கள். சுற்றியுள்ள அத்தனையும் வரும், மூலைக்கு மூலை தொடுவது உட்பட. வேலியைத் தொட்டு நிற்கிற பக்கத்து வீட்டுக்காரரை நம் வீட்டு ஆள் என்று கணக்கில் எழுதுவோமா?

சரி, 'முழுதாக உள்ளே இருப்பது' என்று பொருள்படும் 'ஆர் விதின்' என்று மாற்றினால் தீர்ந்துவிடுமா? அதுவும் இல்லை. போன வருடம் வேறொரு தோட்டத்தில் அப்படித்தான் மாற்றினார்கள். ஆற்றோரப் பட்டைக்குள் முழுதாக அடங்குகிற பிளாக் எங்கே இருக்கும்? விடை பூஜ்யம். 'காப்பு நிலம் இல்லை' என்று எழுதிவிட்டார்கள், மருந்து ஆற்றங்கரை வரைக்கும் போனது. தொழிலாளர் லயத்துப் பிள்ளைகள் குளிக்கிற ஆறு அது.

'செலெக்ட்' என்றால் தேர்ந்தெடுப்பது மட்டும்தான், அது எதையும் வெட்டாது. பரப்பு வேண்டுமென்றால், பட்டைக்குள் விழும் துண்டை மட்டும் வெட்டியெடுக்கும் 'கிளிப்' செய்யுங்கள். செய்த பிறகும் பட்டியலில் இருக்கும் ஹெக்டர் எண்ணை நம்பாதீர்கள். துண்டு சின்னதாகியிருக்கும், அந்தக் கட்டத்தில் பழைய பிளாக்கின் எண்ணே உட்கார்ந்திருக்கும். ஃபீல்டு கால்குலேட்டரில் பரப்பைப் புதிதாகக் கணக்கிட்டால்தான் உண்மை தெரியும். நன்றாகத் தெரிந்தவர்கள்கூட இங்கேதான் தவறுகிறார்கள்.

பஃபரை ஆற்றின் நடுக்கோட்டிலிருந்து போடாதீர்கள். ஆறு 16 மீட்டர் அகலம் என்றால் 20 மீட்டரில் 8 மீட்டர் தண்ணீரிலேயே போய்விடும், கரைக்கு 12 மீட்டர்தான் மிஞ்சும். வடிகால் நீர்ப்பாசனத் துறையின் வழிகாட்டி 10 முதல் 20 மீட்டர் அகல ஆற்றுக்குக் கரையிலிருந்து 20 மீட்டர் கேட்கிறது. ஆகவே ஆற்றை ஒற்றைக் கோடாக இல்லாமல், இரு கரையோடு பாலிகனாக (மூடிய வடிவமாக) வரைந்துகொள்ளுங்கள். வரையும்போது, எல்லைகளை ஒன்றோடொன்று ஒட்டவைக்கும் ஸ்னாப்பிங்கைப் போட்டுக்கொள்ளுங்கள். பிளாக்குகளுக்கு நடுவே அரை மீட்டர் இடுக்கு விழுந்தால்கூட 'தொடுகிறதா' என்று கேட்கும் 'டச்' கேள்விக்கு ஒன்றும் கிடைக்காது.

லேயர் மீட்டரில் இல்லாமல் டிகிரியில் இருந்தால் முதலில் 'ரீப்ரொஜெக்ட்' (அளவை மாற்றம்) செய்து இபிஎஸ்ஜி 3375க்கு, அதாவது மீட்டரில் அளக்கும் ஜிடிஎம்2000 அளவைக்கு, கொண்டுவாருங்கள். டிகிரியில் 20 என்று போட்டால் 2,200 கிலோமீட்டர். 'செட் லேயர் சிஆர்எஸ்' வெறும் பெயர்ப்பலகையைத்தான் மாற்றும், நிலத்தை நகர்த்தாது. பெரிய தோட்டங்களைத் துண்டு போட்டு விற்ற துண்டாடல் காலத்துப் பழைய தோட்ட வரைபடங்கள் கெர்டாவ் என்ற பழைய அளவையில் இருக்கும். அதை ஜிடிஎம்2000 என்று பெயர் மாற்றிப் போட்டால் நம் பக்கத்தில் 150 மீட்டருக்கு மேல் தள்ளிப்போகும். ஆற்றோரப் பட்டை போய் அடுத்தவர் நிலத்தில் விழும்.

வாட்ஸ்அப்பில் வரைபடத்தின் எஸ்எச்பி கோப்பை மட்டும் அனுப்பாதீர்கள். தயவுசெய்து. அதோடு சேர்ந்த எஸ்எச்எக்ஸ், டிபிஎஃப், அளவையைச் சொல்லும் பிஆர்ஜே எல்லாவற்றையும் ஒரே ஜிப் கோப்பில் கட்டி அனுப்புங்கள். பிஆர்ஜே இல்லாமல் வந்தால் எந்த அளவை என்று நான் ஊகிக்க வேண்டியிருக்கிறது. ஊகித்துப் போட்ட எல்லையை நம்பி ஒருவருடைய கூலியை நிறுத்தச் சொல்ல என்னால் முடியாது.

எண்ணை மேனேஜரிடம் கொடுப்பதற்கு முன் ஒரே ஒரு பிளாக்கில் டேப்பைப் பிடித்துப் பாருங்கள். நானும் கண்டக்டர் தம்பியும் அந்த ஏழு பிளாக்குகளிலும் நடந்தோம். கரையிலிருந்து 20 மீட்டர் பிடித்து, அங்கே நிற்கிற மரத்தில் சிவப்புப் பெயிண்டால் வளையம் போட்டோம். மூன்றாவது பிளாக்கில் திரையும் டேப்பும் ஒத்துப்போகவில்லை, ஒரு மர வரிசை வித்தியாசம். ஆறு அங்கே கரையை அரித்து உள்ளே வந்திருந்தது. வரைபடத்தைத் திருத்திக் கொடுத்த மறுவாரம், அந்த அக்கா வளையம் போட்ட மரத்துக்கு இந்தப் பக்கம் நின்று மருந்தடித்துக்கொண்டிருந்தார்.